ஏணி வழியாக இறங்கியவர்

கொர்வேனோ, 2 அக்டோபர் 1977

எர்மெஸ் அண்ணா,

நீ ஊரை விட்டுப் போய் ஒன்பது நாள் ஆகிறது. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. உன் முகவரியை பாரில் சீட்டாடுகிறவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. உடன்பிறந்தவளுக்கு இது தேவைதானா? சுரங்க வேலைக்கு எப்போதும் நவம்பரில்தான் சுவிட்சர்லாந்து போவாய். இந்த வருடம் தேடுதலை நிறுத்திய மறுநாள் காலையிலேயே பெட்டியைத் தூக்கிவிட்டாய். உன் அழுக்குச் சட்டைகள்கூட இங்கே என் கூடையில்தான் கிடக்கின்றன.

என் வீட்டுக்காரர், இவானோ, மலைக்குப் போய் இன்றோடு மூன்று வாரம். தேடுதலை நடத்திய பொர்தோலோ நேற்று வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "தேட வேண்டிய இடமெல்லாம் தேடியாச்சும்மா. பதினொரு நாளு, இருபது ஆளு. காட்டுல ஒரு புதர விடல. இனிமே பனி கரைஞ்சப்புறந்தான்" என்றார்.

இப்போது வேறு ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அவர் மலைக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் படகில் அவருடையதைப் போலவே பச்சை மேலங்கி போட்ட ஒருவர் ஏறியதைப் பார்த்ததாகத் துறையில் சீட்டுக் கொடுப்பவன் சொல்கிறானாம். ரொட்டிக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்று ஒருத்தி என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "சமவெளிக்காரன்தானே, கிரெமோனாவுல பழைய பழக்கம் ஏதாச்சும் இருந்திருக்கும்."

அண்ணா, எனக்கு அழவும் முடியவில்லை, அவரைத் திட்டவும் முடியவில்லை. கறுப்பு உடுத்துவதா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை. அவர் மலையில் கிடக்கிறாரா, இல்லை என்னை விட்டுவிட்டுப் போனாரா? இது ஒன்று தெரிந்தால் போதும். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன், தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நீ மக்காச்சோளப் பொலெண்டாவைக் கிளறிக்கொண்டே அவரைச் சீண்டினாய். "மாட்டுக்குப் பின்னாடி நடந்த காலு இது மாப்ள. ஏணில நாலு படி ஏறினா நாக்கு தள்ளிடும்" என்றாய். அவரா விடுவார்? "ஏறினாத்தானே மச்சான்? நான் மறுபக்கமா வர்றேன். கழுதைப் பாதைல ஏறி, ஏணி வழியா இறங்கி, நாளைக்குச் சாயங்காலம் உன் வீட்டுக் கதவத் தட்டுறேன். ஒயின எடுத்து வை!" நானும் சிரித்தேன். "போயிட்டு வாங்க, முட்டிக்குத் தைலம் நான் தேய்ச்சு விடுறேன்" என்றேன். அந்தச் சிரிப்புக்கு என்னை என்ன செய்தால் தகும்?

ஏணி என்கிற செங்குத்துப் பாறைப் படிகளில் ஏறி, கழுதைப் பாதையில் இறங்குகிற அந்தச் சுற்றுப் பாதைக்குப் பதினைந்து வருடமாகக் கல்லில் பெயிண்டால் வழிக்குறி போடுகிறவன் நீ. அதில் ஒவ்வொரு கல்லும் உனக்குத் தெரியும். எங்கே தவறியிருப்பார்? ஊகமாக இருந்தாலும் எழுது.

நிவேஸ்


சுரங்க முகாம், 9 அக்டோபர்

நிவேஸ்,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வேலை கடுமை, எழுத நேரம் கிடைப்பதில்லை, தப்பாக நினைக்காதே. முன்கூட்டியே ஆள் வேண்டும் என்றார்கள், அதனால் வந்தேன்.

பொர்தோலோ அனுபவசாலி. அவர் தேடிவிட்டார் என்றால் தேடிவிட்டார். என் ஊகத்தால் உனக்கு என்ன ஆகப் போகிறது? மலை என்றால் ஆயிரம் நடக்கும். அன்று மதியத்துக்கு மேல் ஏரியிலிருந்து மூடுபனி ஏறியது, உனக்கே தெரியும்.

ஊர் வாயை மூட முடியாது. நீ ரொட்டியை வீட்டிலேயே சுட்டுக்கொள்.

ஒன்று சொல்கிறேன், கேள். தனியாக மலைக்குப் போகாதே. முக்கியமாக மூன்று பாறைக்குப் பக்கத்தில், குருட்டுப் பள்ளத்தின் ஓரம் போகவே கூடாது. உன்னையும் தேட வைத்துவிடாதே.

சட்டைகளை அனுப்ப வேண்டாம். அப்படியே கிடக்கட்டும்.

எர்மெஸ்


கொர்வேனோ, 17 அக்டோபர்

அண்ணா,

போகாதே என்றாய், போய்விட்டு வந்தேன். அவர் போன மாதிரியே, மறுபக்கமாக.

நேற்றுக் காலை ஆறு மணிக்குச் சிற்றாலயத்திலிருந்து கழுதைப் பாதையில் ஏறினேன். பாதை முழுக்கக் கஷ்கொட்டை உதிர்ந்து கிடக்கிறது, பொறுக்க ஆளில்லை. அந்தப் பக்கம் ஏற்றம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பத்தரைக்கு மலைக்குடிலை அடைந்தேன். சமையற்காரி என்னைப் பார்த்ததும் சூப் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு வருகைப் புத்தகத்தை எடுத்து வந்து, செப்டம்பர் பதினொன்றைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

அவருடைய கோணல் கையெழுத்து. "இவானோ, கொர்வேனோ. வந்த நேரம் 10.20. இறங்கும் வழி: ஏணி." அதற்குக் கீழே இன்னொரு வரி: "எர்மெஸ், ஒயினைத் திற."

அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. வேடிக்கையாக இரண்டு வரி எழுதி வைத்துவிட்டு ஒரு மனுஷன் வீட்டை விட்டு ஓடுவானா?

பிறகு ஏணி வழியாக இறங்கினேன். அண்ணா, நாம் கொர்வேனோக்காரர்கள் ஏன் அதில் இறங்குவதே இல்லை என்று இப்போது புரிந்தது. ஏறும்போது கல் முகத்துக்கு எதிரே இருக்கிறது, கை பிடித்துக்கொள்கிறது. இறங்கும்போது எதிரே வெறும் ஏரி. கால் எங்கே படுகிறது என்று தெரியவில்லை. உன் குறிகளைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் நின்று திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் மூன்று பாறையில் பாதை பிரிகிற இடத்தில் மட்டும் சிவப்பும் வெள்ளையும் பளிச்சென்று எனக்கு எதிரே நின்றன. நாலு கல்லில் நாலு குறி. இடப்பக்கம் போ என்று குழந்தைக்குக்கூடப் புரியும். குருட்டுப் பள்ளம் வலப்பக்கம். அதில் இறங்க ஒருவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும்.

பொர்தோலோ சொன்னது இதைத்தான். "குறி அவ்வளவு தெளிவா இருக்கறப்ப அவரு பள்ளத்துக்குள்ள போயிருக்க முடியாதும்மா. கீழ இறங்கிட்டாரு. அதான் காட்டத் தேடுனோம்." காட்டில் இல்லை. அப்படியானால் ஊருக்கே இறங்கிவிட்டார். படகில் ஏறிவிட்டார். என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் துறைக்குப் போக வேண்டும், அண்ணா. ஜன்னலில் விளக்கு எரிந்ததைப் பார்த்துக்கொண்டேதான் போயிருப்பார்.

நீங்கள் இரண்டு பேரும் எவ்வளவு சண்டை போட்டாலும் ஒரே பாட்டிலில் குடித்தவர்கள். ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வீர்கள். அவருக்கு வேறு பெண் இருந்தாளா? இருந்தாள் என்றால் இருந்தாள் என்று எழுதிவிடு. அவருடைய செருப்பை வாசலிலிருந்து எடுத்து ஏரியில் எறிந்துவிட்டு நான் தூங்கப் போகிறேன். தூங்கி ஐந்து வாரம் ஆகிறது.

நிவேஸ்


சுரங்க முகாம், 22 அக்டோபர்

நிவேஸ்,

செருப்பை எறியாதே.

அவனுக்கு வேறு பெண் இல்லை. என் கண் மேல் ஆணையாகச் சொல்கிறேன். என் எதிரே உன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவன் குரல் தாழ்ந்துவிடும். அதைக் கேலி செய்துதான் எங்களுக்குப் பாதிச் சண்டை. படகில் ஏறியது வேறு யாரோ. சீட்டுக் கொடுப்பவனுக்குப் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அவன் பேச்சை நம்பி உன் புருஷனைச் சந்தேகப்படாதே. அவன் உன்னை விட்டுப் போகவில்லை. எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்று கேட்காதே. இங்கே பாறையை உடைக்கும்போது வெடிச் சத்தத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் காது அடைத்துப் போகும். அந்த நேரம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

எர்மெஸ்


கொர்வேனோ, 27 அக்டோபர்

எர்மெஸ்,

இன்று உன் சட்டைகளைத் துவைத்தேன். நீ வேண்டாம் என்றாய். சும்மா உட்கார்ந்தால் தலை வெடித்துவிடும் போலிருந்தது, அதனால் எடுத்தேன்.

சாம்பல் நிறச் சட்டையில் முதுகிலும் வலது முழங்கையிலும் பெயிண்ட். சிவப்பும் வெள்ளையும். சோப்பு போட்டுத் தேய்த்தேன், மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன், போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தபோது சட்டென்று கை நின்றுவிட்டது. அது நான் தைத்த சட்டை. உன் பெயர்கொண்ட புனிதரின் நாளுக்கு, ஆகஸ்டு இருபத்தெட்டாம் தேதி கொடுத்தது. நீ குறி போடுவது ஜூனில்.

ஆகஸ்டுக்குப் பிறகு எங்கே பெயிண்ட் அடித்தாய்?

தோட்டத்துக்குப் போய் உட்கார்ந்து யோசித்தேன். ஏணியில் இறங்கும்போது ஏன் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்? குறிகளெல்லாம் கல்லின் கீழ்ப்பக்கம், ஏறுகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி இருந்தன. இறங்குகிறவர்களுக்கு ஒரு குறிகூட இல்லை. மலையிலிருந்து ஊர் வரைக்கும் நாலே நாலு குறிதான் என்னைப் பார்த்து நின்றது. அந்த நாலு மட்டும் ஏன்? அவை மட்டும் ஏன் அவ்வளவு புதிதாக இருந்தன?

பொர்தோலோவின் ஆட்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. அவர்களும் நம் ஊர்க்காரர்கள்தானே. பதினொரு நாளும் ஏணியில் ஏறி, கழுதைப் பாதையில் இறங்கியிருக்கிறார்கள். தேடப் போனவர்கள்கூட அவர் நடந்த திசையில் ஒரு தடவை நடந்து பார்க்கவில்லை.

மலை உச்சியில் மேகம் உட்கார்ந்துவிட்டது. பத்து நாளில் பனி விழும் என்கிறார்கள். விழுந்தால் மே மாதம் வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. அவ்வளவு நாள் நான் இருப்பேனா என்பதும் நிச்சயமில்லை.

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல். நான் உன்னிடம் கேட்கிற கடைசிக் கேள்வி இது.

நிவேஸ்


சுரங்க முகாம், 31 அக்டோபர்

நிவேஸ்,

தபாலை நம்பவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போகிற பெர்கமோக்காரன் ஒருவன் கையில் இதைக் கொடுக்கிறேன். நாளை மாலை உன் வீட்டில் தருவான். படித்ததும் பொர்தோலோவிடம் கொண்டு போ. கயிறு போதாது என்றால் லெக்கோவிலிருந்து வரவழைக்கச் சொல். குருட்டுப் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். அவன் அங்கேதான் இருப்பான்.

இந்த ஜூனில் நான் கல்லின் ஒரு பக்கம்தான் அடித்தேன். வெயில் கொளுத்தியது. மறுபக்கத்துப் பழைய குறிகளை மழை எப்போதோ கழுவிவிட்டது. போன வருடமே பார்த்தேன், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஏணியில் யார் இறங்கப் போகிறார்கள்? நான் பிறந்ததிலிருந்து ஒருவரும் இறங்கிப் பார்த்ததில்லை. பெயிண்டை வீணாக்குவானேன் என்று நினைத்தேன். இதெல்லாம் சமாதானம். வாங்கிய வேலையைப் பாதி செய்தேன், அவ்வளவுதான்.

அவன் சாப்பாட்டு மேசையில் மறுபக்கமாக வருகிறேன் என்றபோது எனக்கு நினைவு வந்தது, நிவேஸ். அப்போதே வந்தது. சொல்லியிருக்கலாம். "மாப்ள, அந்தப் பக்கம் குறி இல்ல, வேணாம்" என்று ஒரு வார்த்தை. உன் முன்னால், அவன் முன்னால், வேலையை அரைகுறையாகச் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வானம் தெளிவாக இருக்கிறது, பாதை தெரியும், போய் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு மாலை அவன் கதவைத் தட்டவில்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. திங்கள் விடிவதற்கு முன்னால், நான் முன்னே போய்ப் பார்க்கிறேன் என்று பொர்தோலோவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பையில் பெயிண்ட் டப்பா இருந்தது. தேடப் போகிறவன் கையில் பெயிண்ட் எதற்கு? எனக்கே தெரியும். அப்போது என் மனதில் அவன் இல்லை. மலைச் சங்கத்துக்காரர்கள் வந்து அந்த வெறும் கல்லைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்பதுதான் இருந்தது.

விடியும்போது மூன்று பாறையில் இருந்தேன். காற்றே இல்லை. தூரிகை பாறையில் உரசுவது எனக்கே கேட்டது. நாலு கல்லில் அடித்தேன். ஒருமுறைகூட அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கீழேயிருந்து ஏறி வருகிறவர்கள் சத்தம் கேட்டு வேகமாக வந்துவிடுவார்களே என்ற பயம். அவர்கள் வந்தபோது ஈரம் காயவில்லை. அந்தக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்து மறைத்தேன். சட்டைக் கறை அதுதான். மற்ற மூன்றிலும் ஈரப் பளபளப்பு தெரியாமல் மண்ணைத் தூவியிருந்தேன், காய்ந்ததும் அது உதிர்ந்துவிட்டது. மறுநாள் பொர்தோலோ அந்தக் குறிகளைப் பார்த்து, "இந்தக் குறியப் பாத்தா கண்ணு தெரியாதவன்கூடத் தப்ப மாட்டான்டா எர்மெஸ்" என்று என் தோளைத் தட்டினார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவர்கள் காட்டைத் தேடினார்கள். நானும் கூடவே தேடினேன். அவன் அங்கே இல்லை என்று தெரிந்தே புதர்களை விலக்கினேன்.

மன்னிப்பு என்று எழுதி அடித்துவிட்டேன். அந்தச் சொல்லை எழுத எனக்கு உரிமை இல்லை.

எர்மெஸ்


கொர்வேனோ, 7 நவம்பர்

எர்மெஸ்,

மூன்றாம் தேதி அவரைக் கண்டுபிடித்தார்கள். நேற்று அடக்கம் செய்தோம். இன்று காலை பனி விழுந்தது.

நானும் கூடப் போனேன். வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. பள்ளத்தில் எண்பது மீட்டர் கீழே ஒரு திட்டு இருக்கிறது. அதில்தான் விழுந்திருக்கிறார். கால் உடைந்திருந்தது. இழுத்துக்கொண்டே போய் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்திருக்கிறார். நீர் சொட்டுகிற இடத்தில் தண்ணீர்க் குப்பியை நிறுத்தி வைத்திருந்தார். நான் ரொட்டி கட்டிக் கொடுத்த துணியை ஒரு தூள் இல்லாமல் உதறி, நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார். பாறையில் கல்லால் கீறிய கோடுகள் மூன்று இருந்தன. நாலாவது பாதியில் நின்றிருந்தது. மருத்துவர் கோடுகளை எண்ணிப் பார்த்து, நாளுக்கு ஒன்று என்றார்.

நீ தூரிகையோடு மேலே நின்ற அந்தத் திங்கள் காலை அவர் உயிரோடு இருந்தார்.

பொர்தோலோவின் ஆட்களும் அன்று கத்தினார்களாம், பாதை பிரிகிற இடத்தைத் தாண்டிக் காட்டுப் பக்கம் பார்த்து. அதற்குள் காற்று எழுந்துவிட்டது. காற்று இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாயே, விடியற்காலையில். அதனால் நான் ஒன்று செய்து பார்த்தேன். பொர்தோலோவைத் திட்டில் இருக்கச் சொல்லிவிட்டு மேலே ஏறி வந்து, மூன்று பாறையில் நின்று "இவானோ" என்று கூப்பிட்டேன். பெரிதாகக் கத்தவில்லை, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரிதான். கீழேயிருந்து பொர்தோலோ பதில் கொடுத்தார். "கேக்குதும்மா" என்றார். பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி கேட்டது. பிறகு அவரும் அழுதார், நானும் அழுதேன்.

உன் கடிதத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுத்துவிட்டேன். அவர்கள் என்ன செய்வார்களோ அது அவர்கள் பாடு. நீ அடக்கத்துக்கு வராதது நல்லது. வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவருடைய செருப்பை இன்னும் எடுக்கவில்லை. அவர் என்னை விட்டுப் போகவில்லை என்று நீ எழுதினாயே, அந்த ஒரு வரிக்காக மட்டும் உன் கடிதங்களைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

எழுதாதே.

நிவேஸ்


கொர்வேனோ, 14 மே 1978

எர்மெஸ்,

நீ எழுதவில்லை. சொன்னபடி இருந்ததற்கு நன்றி சொல்ல இதை எழுதவில்லை.

ஏணியில் பனி கரைந்துவிட்டது. மலைச் சங்கத்தில் குறி போட யாரும் முன்வரவில்லை. அந்தப் பாதையை மூடிவிடலாம் என்று பேசினார்கள். நான் எழுந்து, மூடக் கூடாது என்றேன். "பின்ன யாரும்மா அடிப்பா?" என்று கேட்டார் பொர்தோலோ. "அடிச்சவனே வந்து அடிக்கட்டும்" என்றேன்.

ஜூன் முதல் ஞாயிறு வா. பெயிண்ட் வாங்கி வைத்துவிட்டேன். மலைக்குடிலிலிருந்து தொடங்கி, ஏணி வழியாக இறங்கிக்கொண்டே அடிக்க வேண்டும். ஒரு கல் விடாமல், இரண்டு பக்கமும். விளக்கோடு இருட்டிலேயே தொடங்கி, விடியற்காலையில் மூன்று பாறைக்கு வந்துவிட வேண்டும், காற்று எழுவதற்கு முன்னால்.

அங்கே நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. அன்றைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டிய மாதிரி கூப்பிடு. நான் உன்னோடு மேலே இருக்க மாட்டேன். பொர்தோலோ கயிற்றில் இறக்கிவிடுவார், இவானோ உட்கார்ந்திருந்த அந்தப் பாறை நிழலில் இருப்பேன். நீ கூப்பிடுவதை அவருக்குப் பதிலாக நான் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு உன்னோடு பேசுவேனா மாட்டேனா என்பதை அங்கே உட்கார்ந்துதான் முடிவு செய்வேன்.

சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய். கறை போகவில்லை, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

நிவேஸ்


சுரங்க முகாம், 21 மே

நிவேஸ்,

நீ சொன்ன ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை கடைசிப் பேருந்தில் வருகிறேன். பேருந்து நிற்கிற இடத்துக்கு வராதே. நேராகக் கழுதைப் பாதை வழியாகக் குடிலுக்கு ஏறிவிடுகிறேன். சட்டையையும் பெயிண்டையும் பொர்தோலோவிடம் கொடுத்தனுப்பு.

நேற்று வேலை முடிந்ததும் முகாமுக்குப் பின்னால் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். "மாப்ள" என்று தொடங்கினேன். குரல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. எட்டு மாதமாக அங்கேதான் நிற்கிறது. ஆனாலும் அன்று கூப்பிடுவேன். வருகிற வரைக்கும் கூப்பிடுவேன்.

நீ கீழேயிருந்து பதில் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. கேட்கிறது என்றால் ஒரு கல்லை எடுத்துப் பாறையில் தட்டு. அது போதும்.

எர்மெஸ்